எண்ணுவதற்கு அஞ்சுதல்

சமூகவியல், உளவியல், சமூகப்பணி என்று படிக்கப் போகும் நம் பிள்ளைகளில் பலர், பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஓரிரு தவணைகளிலேயே ஒரு சுவரில் போய் முட்டிக்கொள்கிறார்கள். அந்தச் சுவரின் பெயர் புள்ளியியல். எஸ்.பி.எம். முடிந்ததும் 'கணக்குச் சனியன் விட்டது' என்று நிம்மதியாகக் கலைப்பிரிவுக்குப் போனவர்கள் இவர்கள். மனிதர்களைப் பற்றிப் படிக்கலாம் என்று வந்தால் திட்டவிலக்கமும் பி-மதிப்பும் காத்திருக்கின்றன. தேர்ச்சி பெறாமல் பட்டம் கிடையாது. சிலர் அந்தப் பாடத்தைக் கடைசித் தவணை வரை தள்ளிப்போடுகிறார்கள். சிலர் எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் எந்தப் பொத்தானுக்குப் பிறகு எந்தப் பொத்தான் என்று மந்திரம்போல மனப்பாடம் செய்கிறார்கள். இன்னும் சிலர் காசு கொடுத்து வேறு யாரையாவது பகுப்பாய்வு செய்யச் சொல்கிறார்கள்.

இந்தப் பயத்துக்கு ஆய்வுலகில் தனிப்பெயரே உண்டு: புள்ளியியல் பதற்றம். 1985-ல் குரூஸ், கேஷ், போல்டன் என்ற மூவர் இதை அளப்பதற்கென்றே 51 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். பயத்தை ஆறு கூறுகளாகப் பிரித்தார்கள். தேர்வுப் பயம், முடிவுகளைப் பொருள்கொள்ளும் பயம், உதவி கேட்கப் பயம், புள்ளியியல் ஆசிரியரைக் கண்டு பயம் எல்லாம் அதில் அடக்கம். புள்ளியியலைக் கண்டு நடுங்குபவரின் நடுக்கத்தையும் புள்ளியியலை வைத்துத்தான் அளக்கிறார்கள் என்பது சிரிப்பாக இருந்தாலும், அந்தப் பட்டியல் பொய் இல்லை. மாணவர்களிடம் பேசிப் பார்த்தால் இவை அத்தனையும் வெளியே வரும்.

ஆனால் பட்டியலில் இல்லாத ஒரு பயமும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். பதற்றத்துக்கு வழக்கமாக இரண்டு பதில்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று எங்களைப் போன்ற பொறியியல்காரர்களின் பதில்: "இது ஒன்னுமே இல்ல, பயிற்சி பண்ணா வந்துரும்." மற்றொன்று இலக்கியம் வாசிக்கிறவர்களின் பதில்: "மனுசன எண்ணுக்குள்ள அடக்க முடியாது, அதனால விட்டுடு." முதல் பதில் பயத்தைத் திறமைக் குறைவாகப் பார்க்கிறது. இரண்டாவது பதில் அதே பயத்துக்கு மாலை போட்டு உட்கார வைக்கிறது. ஒரு மனிதரை எண்ணாக மாற்ற யாருக்கு உரிமை உண்டு, அந்த உரிமை எந்தக் கடமையோடு வருகிறது என்ற கேள்வியை இரண்டுமே தொடுவதில்லை.

*

நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொறியியல் படித்து, ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்பவன். புள்ளியியல் எனக்குச் சோறு போடுகிறது. உற்பத்தி வரிசையிலிருந்து குறிப்பிட்ட இடைவெளியில் சில உருப்படிகளை எடுத்து அளப்போம். அளவுகளைக் கட்டுப்பாட்டு வரைபடத்தில் புள்ளிகளாகக் குறிப்போம். 1924-ல் அமெரிக்காவில் வால்டர் ஷூவார்ட் ஒரு சிறு குறிப்பில் வரைந்து காட்டிய முறை இது. நூறு ஆண்டுகள் கழித்தும் உலகத்தில் பல தொழிற்சாலைகள் இதைத்தான் பின்பற்றுகின்றன. நடுவில் சராசரிக் கோடு, மேலும் கீழும் எல்லைக் கோடுகள். அளவில் தேறாத உருப்படி சிவப்புப் பெட்டிக்குப் போகும். திருகாணியிடம் யாரும் 'உனக்கு என்ன ஆச்சு' என்று கேட்பதில்லை. அது சிவப்புப் பெட்டியில் கிடப்பதில் எந்த அநீதியும் இல்லை. பொறியியல் மாணவனுக்குப் புள்ளியியல் பயம் குறைவாக இருப்பதற்குக் காரணம் அவன் புத்திசாலி என்பதல்ல. அவன் எண்ணுகிற பொருளுக்கு முகம் இல்லை.

கிள்ளானில் இருக்கும் என் சித்தி மகள் சமூகவியல் மாணவி. இறுதியாண்டு ஆய்வுக்காகத் தனித்து வாழும் தாய்மார்களின் வருமானத்தைப் பற்றி எழுத முடிவு செய்து, காப்பார் சாலைப் பக்கம் அடுக்குமாடி வீடுகளில் ஏறி இறங்கி 62 பேரிடம் வினாநிரலை நிரப்பி வாங்கியிருந்தாள். எண்களை உள்ளிடவும் முடிவுகளைப் படிக்கவும் கற்றுக்கொடுக்கச் சொல்லி என்னிடம் வந்தாள். வருமானத்தைப் பெட்டிப் படமாக வரைந்தபோது பெரும்பாலானவர்கள் 1,500 ரிங்கிட்டுக்கும் 2,000 ரிங்கிட்டுக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டு இருந்தார்கள். கீழே வெகுதூரத்தில் தனியாக ஒரு சிறு வட்டம். பக்கத்தில் 41 என்ற எண். கூட்டத்திலிருந்து விலகி நிற்பவரை அந்த மென்பொருள் அப்படித்தான் காட்டிக்கொடுக்கும். வருமானம் 300 ரிங்கிட்.

"இதை எடுத்துருன்னு சீனியர் சொன்னாங்கண்ணா. எடுத்துட்டா ரிசல்ட் அழகா வருமாம்."

"நீ என்ன நினைக்கிற?"

"எனக்கு ஃபார்முலா பயம்கூட இல்ல இப்போ. அந்த ஆன்ட்டி எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்து ஒரு மணி நேரம் பேசுனாங்க. இங்க பார்த்தா நாப்பத்தொண்ணா இருக்காங்க. அதையும் அழிக்கச் சொல்றாங்க."

அந்த 51 கேள்விகளில் இல்லாத பயம் இதுதான். இதை ஒரு மாணவியின் உணர்ச்சிவசம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் பார்த்தது உண்மையான ஒன்று. தமிழில் அதற்கான சொல்லே அதைச் சொல்லிவிடுகிறது. சராசரியிலிருந்து விலகி நிற்பதை விலக்கம் என்கிறோம். ஒருவரைச் சேர்க்காமல் ஒதுக்கி வைப்பதையும் ஊர்விலக்கம் என்கிறோம். முதல் விலக்கம் ஓர் அளவு. இரண்டாவது விலக்கம் ஒரு செயல். முதலாவதைக் காரணம் காட்டி இரண்டாவதைச் செய்யும் இடத்தில்தான் அறம் பற்றிய கேள்வி தொடங்குகிறது.

நான் அவளுக்குச் சொன்ன பதில் என் தொழிலிலிருந்தே வந்தது. கட்டுப்பாட்டு வரைபடத்தில் எல்லை தாண்டிய புள்ளியை நாங்களும் அழிப்பதில்லை. அந்த உருப்படி சிவப்புப் பெட்டிக்குப் போனாலும் வரைபடத்தில் அதன் புள்ளி அப்படியே இருக்கும். ஏன் தாண்டியது என்று தேட வேண்டும். அளந்த கருவி பழுதா, எழுதியவர் பிழையா, இல்லை இயந்திரத்தில் உண்மையிலேயே ஏதோ நடந்ததா? காரணம் தெரியாமல் புள்ளியை அழிப்பவன் கெட்ட பொறியாளன். அவள் தன் குறிப்பேட்டைப் புரட்டினாள். 300 சரியான எண்தான். அந்த அம்மா படுத்த படுக்கையாக இருக்கும் தன் தாயை வைத்துப் பார்த்துக்கொள்வதால் வேலைக்குப் போக முடியவில்லை. அண்டை வீட்டுக் குழந்தைகள் இரண்டைப் பகலில் பார்த்துக்கொண்டு வாங்கும் காசு அது. வினாநிரலிலோ 'நீங்கள் யாரையாவது பராமரிக்கிறீர்களா' என்ற கேள்வியே இல்லை. விலகி நின்ற புள்ளி, கேட்கப்படாமல் போன கேள்வியைக் காட்டிக்கொடுத்தது. அவள் மற்றவர்களுக்கும் போன் செய்து அதே கேள்வியைக் கேட்டாள். 41-ஐச் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு கணக்குகளையும் ஆய்வேட்டில் வைத்து, வித்தியாசம் ஏன் என்று இரண்டு பக்கம் எழுதினாள். அந்த இரண்டு பக்கங்கள்தான் அந்த ஆய்வேட்டின் உயிர் என்று நான் நினைக்கிறேன்.

*

சராசரியிலிருந்து விலகியதைப் பிழையாகப் பார்க்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? இதற்கு ஒரு வரலாறு உண்டு, அதைப் பாடத்தில் பெரும்பாலும் சொல்லித் தருவதில்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெத்லே முதலில் வானியல்காரர். ஒரே நட்சத்திரத்தைப் பலமுறை அளந்தால் அளவுகள் ஒன்றுபோல் வராது. அவற்றின் சராசரியே உண்மையான இடத்துக்கு நெருக்கம், மற்றவை அளப்பவரின் பிழை. இது வானியலில் சரி. கெத்லே இதே கண்ணோட்டத்தை மனிதர்கள் பக்கம் திருப்பினார். 1835-ல் வெளிவந்த நூலில் 'சராசரி மனிதன்' என்ற கருத்தை முன்வைத்தார். இயற்கை குறிவைப்பது சராசரி மனிதனை, மற்ற நாமெல்லாம் குறி தப்பிய அம்புகள் என்பதுபோல. நட்சத்திரம் ஒன்றுதான், அளவுகள் பல. மனிதர்களிலோ ஒவ்வொருவரும் ஒரு நட்சத்திரம். இந்த வேறுபாடு அந்த உற்சாகத்தில் மறைந்துபோனது.

அடுத்து வந்த பிரான்சிஸ் கால்டன், கார்ல் பியர்சன், ரொனால்ட் ஃபிஷர் மூவரும் இன்று நாம் படிக்கும் புள்ளியியலின் தூண்கள். ஒட்டுறவு, திட்டவிலக்கம், மாறுபாட்டுப் பகுப்பாய்வு எல்லாம் இவர்கள் வழியாக வந்தவை. மூவருமே உயர்ந்த மனிதர்களை இனவிருத்தி செய்து தாழ்ந்தவர்களைக் குறைக்க வேண்டும் என்ற யூஜெனிக்ஸ் கொள்கையை ஆதரித்தவர்கள். அந்தச் சொல்லை 1883-ல் உருவாக்கியவரே கால்டன்தான். ஆக, எண்களைக் கண்டு ஒரு சமூகவியல் மாணவிக்கு வரும் உறுத்தல் வெறும் கூச்சம் இல்லை. அந்தக் கருவிகள் எந்தப் பட்டறையில் அடிக்கப்பட்டன என்பதை அவள் படிக்காமலேயே முகர்ந்துவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் அதே பட்டறையில் வேறு வகை மனிதர்களும் இருந்தார்கள். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை செய்த வில்லியம் சீலி காசெட் அவர்களில் ஒருவர். அவருக்கு இருந்த சிக்கல் எளிமையானது. பார்லியைச் சோதிக்க ஆயிரக்கணக்கான மாதிரிகள் கிடைக்காது. நாலோ ஐந்தோதான் கிடைக்கும். அவ்வளவு குறைவானவற்றை வைத்து நேர்மையாக என்ன சொல்லலாம்? ஆலை ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுத அனுமதி இல்லாததால் 1908-ல் 'மாணவன்' என்று பொருள்படும் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்ததுதான் இன்று மாணவர்கள் நடுங்கும் டி-சோதனை. கணிதத்தைச் சரிபார்க்க அவர் 3,000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடக்கை நடுவிரல் நீளத்தையும் அட்டைகளில் எழுதி, கலைத்துப் போட்டு, நாலு நாலாக 750 குவியல்கள் எடுத்தார். அந்த அளவுகள் இங்கிலாந்துச் சிறைகளில் எடுக்கப்பட்டவை. ஒவ்வொரு டி-சோதனைக்கும் அடியில் 3,000 கைதிகளின் விரல்கள் இருக்கின்றன. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டு அந்தச் சோதனையைச் செய்வதும் தெரியாமல் செய்வதும் ஒன்றல்ல.

*

நம் கதைக்கு வருவோம். மலாயாத் தமிழர்கள் எண்ணப்படுவதற்குப் புதியவர்கள் இல்லை. தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் நிற்கவைத்துத் தலை எண்ணினார்கள். கிராணி செக்ரோலில் பெயர் போட்டால்தான் அன்றைய கூலி. கப்பலில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்று காலனிய அரசு ஆண்டுதோறும் அச்சிட்டது. வேலை வாங்குவதற்காக எண்ணிய கணக்கு அது. 'எங்களை எண்ணாதே' என்று ஒரு தோட்டத்துப் பேரனோ பேத்தியோ சொன்னால் அதன் கோபம் எனக்குப் புரிகிறது.

ஆனால் எண்ணப்படாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் சாட்சி இருக்கிறது. சயாம் மரண ரயில் பாதையில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள், 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களைப் பற்றிய பதிவேடுகள் இருந்தன. காஞ்சனாபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. அதே பாதையில் அவர்களைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அதில் பெருங்கூட்டம். அவர்களில் இறந்தவர்களுக்கு முழுமையான பெயர்ப்பட்டியல் கிடையாது. பல்லாயிரம் என்ற கணிப்புகள்தான் உண்டு. ஒரு கணிப்புக்கும் இன்னொரு கணிப்புக்கும் நடுவில் உள்ள வித்தியாசமே பல்லாயிரம் உயிர்கள். கூலிக்கு எண்ணப்பட்டவர்கள் சாவில் எண்ணப்படவில்லை. 'மனுசன எண்ணாக்காத' என்ற வாசகத்தை இந்த இடத்தில் நின்று சொல்லிப் பாருங்கள், நாக்கு எழாது.

*

சரி, அது போர்க்காலம். அண்மைக்கு வருவோம். 2016-ல் மலேசியாவின் அதிகாரப்பூர்வ வறுமை விகிதம் 0.4 விழுக்காடு. நாடு முழுவதும் 24,700 குடும்பங்கள் மட்டுமே ஏழைகள். உலகத்தில் மிகச் சில நாடுகளே சொல்லிக்கொள்ளக்கூடிய எண். கணக்கில் கூட்டல் பிழை எதுவும் இல்லை. பிழை கூட்டலுக்கு முன்பே இருந்தது. ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 ரிங்கிட் என்பது தேசிய அளவில் வறுமைக்கோடு. நால்வர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு ரிங்கிட் சொச்சம். அதில் சாப்பாடு, வாடகை, பஸ், பள்ளிக்கூடம், மருந்து எல்லாம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக்குக்கூட எட்டு ரிங்கிட் போதாது. மாதம் 985 ரிங்கிட் வாங்கிய குடும்பம் ஏழையில்லை என்று கணக்கு சொன்னது.

2018-ல் யுனிசெஃப் கோலாலம்பூரின் 17 மலிவுவிலை அடுக்குமாடிகளில் குழந்தைகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டது. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். 15 விழுக்காட்டினர் எடைக் குறைவு. 2019 ஆகஸ்டில் ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் வந்து பார்த்துவிட்டு, இந்த வறுமைக்கோடு உண்மைக்குப் பொருந்தாதது என்று வெளிப்படையாகச் சொன்னார். அரசுத் தரப்பிலிருந்து முதலில் மறுப்புதான் வந்தது. ஆனால் 2020 ஜூலையில் கோடு திருத்தப்பட்டது. உயிர் பிழைக்கப் போதுமான உணவு என்பதற்குப் பதிலாக ஆரோக்கியமான உணவை அடிப்படையாக வைத்துக் கணக்கிட்டபோது கோடு 2,208 ரிங்கிட்டாக உயர்ந்தது. 2019-ன் வறுமை விகிதம் 5.6 விழுக்காடு, 405,441 குடும்பங்கள் என்றானது. 2016-க்கே புதிய கோட்டை வைத்துப் பார்த்தால் 7.6 விழுக்காடு.

24,700 எங்கே, நான்கு லட்சம் எங்கே? இந்தக் குடும்பங்கள் ஒரே இரவில் ஏழையாகவில்லை. அவர்கள் அதே வீட்டில், அதே பசியோடுதான் இருந்தார்கள். மாறியது வரையறை. வறுமைக்கோட்டை எங்கே போடுவது என்பது கணிதக் கேள்வியே இல்லை. ஒரு மனிதர் வாழ எது போதும் என்ற அறக் கேள்வி. கோடு போட்ட பிறகு வருவதுதான் கணிதம். கலைப்பிரிவு மாணவர்கள் பயந்து விலகுவது அந்த இரண்டாவது பகுதியைப் பார்த்து. ஆனால் விலகும்போது முதல் பகுதியையும் சேர்த்தே விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். 'போதும்' என்றால் என்ன என்று வாதாடத் தகுதியுள்ளவர்கள், அந்த அடுக்குமாடிப் படிக்கட்டில் ஏறி இறங்கியவர்கள்தான். 980 என்ற எண் எப்படி வந்தது என்று கேட்கத் தெரியாவிட்டால் அவர்களின் நியாயம் அறைக்கு வெளியே நிற்கும். அந்தப் பொய்யான நிம்மதியைக் கலைத்ததும் கதைகள் மட்டுமல்ல. குழந்தைகளின் உயரத்தைப் பொறுமையாக அளந்த வேறொரு கணக்கும்தான்.

*

இன்னும் நுட்பமான ஓர் இடம் இருக்கிறது. 2019 குடும்ப வருமான ஆய்வின்படி நாட்டின் இடைநிலை மாத வருமானம் 5,873 ரிங்கிட். இந்தியக் குடும்பங்களின் இடைநிலை வருமானம் 5,981 ரிங்கிட். அதாவது நாட்டின் நடுவைவிடக் கொஞ்சம் மேல். இதை வைத்துக்கொண்டு 'இந்தியர்களுக்கு என்ன குறை' என்று ஒருவர் கேட்டால் எண் அவர் பக்கம் இருப்பதுபோலத்தான் தெரியும்.

இடைநிலை என்பது வரிசையில் நிற்கவைத்தால் சரியாக நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம், அவ்வளவுதான். வரிசையின் கடைசியில் நிற்பவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்று அது சொல்லாது. 'இந்தியர்' என்ற பெட்டிக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்றும் சொல்லாது. பிரிக்பீல்ட்ஸின் ரயில்வே குடியிருப்புகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எழுத்தர் வேலை பார்த்தவர்களின் வாரிசுகளும், தோட்டம் துண்டாடப்பட்டபோது கிள்ளானுக்குப் புறம்போக்கு வீடுகளுக்கு வந்து சேர்ந்தவர்களின் வாரிசுகளும் பேச்சு வழக்கில் ஒரே பெட்டி. இந்தப் பெட்டியும் வானத்திலிருந்து விழவில்லை. 1891 கணக்கெடுப்பில் அது 'தமிழர்களும் இந்தியாவின் பிற சுதேசிகளும்' என்றிருந்தது. மலாயாவின் கணக்கெடுப்புப் பெட்டிகள் ஒவ்வொரு முறையும் எப்படி மாறி வந்தன என்று சார்ல்ஸ் ஹிர்ஷ்மன் 1987-ல் எழுதிய கட்டுரையைச் சமூக அறிவியல் மாணவர்கள் ஒருமுறையாவது வாசிக்க வேண்டும்.

நடு வேறு, பரவல் வேறு என்பது உயிர்ப் பிரச்சினையாகவும் ஆகலாம். உயிரியலாளர் ஸ்டீஃபன் ஜே கூல்டுக்கு 1982-ல் ஓர் அரிய புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அந்நோய் வந்தவர்களின் இடைநிலை ஆயுள் எட்டு மாதம் என்று படித்தார். புள்ளியியல் அறியாதவர் அதைத் தன் மரணத் தேதியாக எடுத்துக்கொள்வார். பாதிப் பேர் எட்டு மாதத்துக்கு மேல் வாழ்கிறார்கள், அவர்களின் வால் எவ்வளவு தூரம் நீள்கிறது என்றுதான் அவர் தேடினார். இருபது ஆண்டுகள் வாழ்ந்தார். அவரைக் காப்பாற்றியது சிகிச்சைதான். ஆனால் அந்த முதல் இரவைத் தாண்ட உதவியது பரவலைப் படிக்கத் தெரிந்த அறிவு.

இப்போது நாமே ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 2020 கணக்கெடுப்பின்படி மலேசியக் குடிமக்களில் இந்தியர்கள் 6.7 விழுக்காடு. நாடு தழுவிய ஒரு கருத்துக்கணிப்பு குடிமக்களில் 1,000 பேரை ஒருதலைச் சார்பில்லாமல் குலுக்கி எடுத்தால் அதில் சுமார் 67 பேர் இந்தியர்கள். மொத்த ஆயிரம் பேரைப் பற்றிச் சொல்லும் விழுக்காட்டில் பிழை வரம்பு, வழக்கமான 95 விழுக்காடு நம்பிக்கையில், கூடக்குறைய 3 புள்ளி. இந்தியர்களைப் பற்றிச் சொல்லும்போது அதுவே கூடக்குறைய 12 புள்ளி. 'இந்தியர்களில் பாதிப் பேர் இப்படி நினைக்கிறார்கள்' என்று செய்தி வந்தால், உண்மை 38-லிருந்து 62 வரை எங்கும் இருக்கலாம். யாரும் நம்மை வெறுக்க வேண்டியதில்லை, யாரும் சதி செய்ய வேண்டியதில்லை. வெறுமனே நியாயமாக ஒரு மாதிரி எடுத்தாலே சிறுபான்மையின் குரல் மங்கலாகத்தான் பதிவாகும். அந்த 67-க்குள் தனித்து வாழும் தாய்மார்கள் எத்தனை பேர் வந்திருப்பார்கள்? விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களைப் பற்றி எதுவுமே சொல்ல முடியாது.

இதற்குத் தீர்வும் புள்ளியியலுக்குள்ளேயே இருக்கிறது. சிறிய குழுவிலிருந்து வேண்டுமென்றே கூடுதலாக ஆட்களை எடுப்பது. 67-க்குப் பதில் 400 பேரைக் கேட்டால் பிழை வரம்பு 12-லிருந்து 5-க்கு இறங்கும். நாட்டின் மொத்தக் கணக்கைச் சொல்லும்போது அவர்களின் எடையை உண்மையான பங்குக்குக் குறைத்துக்கொள்ளலாம். காசும் நேரமும் பிடிக்கும் வேலை. யாராவது கேட்டால்தான் நடக்கும். கேட்பதற்கு மாதிரி என்றால் என்ன, பிழை வரம்பு என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துவது மட்டுமே நீதியா, குறைவானவர்களுக்குக் கூடுதலாகக் காதுகொடுப்பது நீதியா என்று தத்துவ வகுப்பில் விவாதிக்கிறோம். மாதிரி எடுக்கும் திட்டத்தில் அது ஒரு பட்ஜெட் கேள்வியாக மேசைமேல் கிடக்கிறது.

*

இந்த இதழை வாசிப்பவர்கள் பெரும்பாலும் என்னைப்போலக் கதையும் கவிதையும் தேடி வருபவர்கள். நமக்கு எண்களைக் கண்டால் ஓர் இளப்பம் உண்டு. ஒரு கிழவியின் கதை சொல்லாததையா உங்கள் அட்டவணை சொல்லிவிடும் என்று கேட்போம். நியாயமான கேள்விதான். 41 என்ற எண்ணுக்குள் அந்த மைலோ இல்லை, படுக்கையில் கிடக்கும் தாயின் வாசனை இல்லை. அதைச் சொல்ல ஒரு சிறுகதை வேண்டும். ஆனால் அந்தச் சிறுகதையை வாசித்து முடித்தவனுக்கு ஒன்று தெரியாது: இவர் ஒருவரா, ஓராயிரம் பேரில் ஒருவரா? ஒருவர் என்றால் அண்டை வீட்டாரின் அன்பு போதும். ஆயிரம் என்றால் சட்டம் வேண்டும், பராமரிப்பு உதவித்தொகை வேண்டும், பகல்நேர இல்லம் வேண்டும். எத்தனை பேர் என்ற கேள்வி ஈரமற்ற கேள்வி இல்லை. இரக்கம் தன் வேலையை அளந்துகொள்ளும் இடம் அது.

புள்ளியியலில் நான் மதிக்கும் பண்பு ஒன்று உண்டு. தன் சந்தேகத்தைத் தானே எழுதி வைக்கும் பண்பு. நல்ல ஆய்வு ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் எவ்வளவு பிழையிருக்கலாம் என்று சொல்லும். மேடையில் பேசும் அரசியல்வாதியோ, வாட்ஸ்அப்பில் இனப்பெருமை பேசும் மாமாவோ, எழுத்தாளரோ அப்படிச் சொல்வதில்லை. 'எனக்கு இவ்வளவுதான் தெரியும், இதற்கு மேல் உறுதியில்லை' என்று சொல்வதற்கு ஓர் அடக்கம் தேவை. பயப்படும் மாணவரிடம் அந்த அடக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அவருக்கு இல்லாதது கைப்பழக்கம் மட்டும். கைப்பழக்கத்தை ஒரு தவணையில் கற்றுக்கொடுத்துவிடலாம். என் துறையில் பலரிடம் கைப்பழக்கம் நிறைய உண்டு. அந்தத் தயக்கத்தை எந்தத் தவணையில் கற்றுக்கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அதனால் 'பயப்படாதே' என்று நான் சொல்ல மாட்டேன். தேர்வைப் பற்றிய பயம், ஆசிரியரைப் பற்றிய பயம், சூத்திரத்தைப் பற்றிய பயம் எல்லாம் போகட்டும். அவை சுமை. ஒரு மனிதரை வரிசை எண்ணாக உள்ளிடும்போது விரல் ஒரு நொடி தயங்குகிறதே, அது மட்டும் இருக்கட்டும். தயங்கிவிட்டு உள்ளிட வேண்டும் என்பதுதான் முக்கியம். தயக்கத்தோடு நின்றுவிட்டால் அந்த எண்ணை, தயங்காத வேறொருவர் உள்ளிடுவார். அல்லது யாருமே உள்ளிடமாட்டார்கள். இரண்டுக்கும் நம்மிடம் வரலாறு இருக்கிறது.

எண்ணுதல் என்ற சொல்லுக்குத் தமிழில் கணக்கிடுதல், நினைத்தல் என்று இரண்டு பொருள். ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை மட்டும் செய்பவர்கள் இரு பக்கத்திலும் நிறைய இருக்கிறோம். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு யாராவது படிவத்தோடு உங்கள் கதவைத் தட்டும்போது, அதில் என்னென்ன பெட்டிகள் இருக்கின்றன, எந்தக் கேள்வி விடுபட்டிருக்கிறது என்று பாருங்கள். அந்தப் படிவத்தை வடிவமைக்கும் அறையில், காப்பார் சாலைப் படிக்கட்டுகளில் ஏறி இறங்கிய ஒருத்தியும் உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்கும். அதற்கு அவள் இந்தத் தவணை புள்ளியியலில் தேற வேண்டும்.